வான்கூவர் மைல்

ஒரு மைல் என்பது 1,760 யார். 440 யார் சுற்றளவுள்ள ஓடுபாதையை நான்கு முறை வலம் வந்தால் அத்தூரம் நிறைவெய்தும். சுற்றுக்கு ஒரு நிமிடமாக நான்கு நிமிடத்தில் மனிதன் ஒருவன் அதனை ஓடி முடித்தல் கூடுமா என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மெய்வல்லுநர் உலகை நீங்காது பற்றி நின்றது. நான்கு சுற்று, நான்கு நிமிடம் என்ற அந்த எண்களின் ஒழுங்கே அவ்வினாவுக்கு அத்தனை கவர்ச்சியைத் தந்தது எனலாம். இயற்கை விதித்த எல்லையன்று அது; ஆங்கிலேயரின் அளவுகோலும் கடிகாரமும் தற்செயலாகக் கூடிப் பிறந்த எல்லை. ஆயினும் மனிதர் தாமே கட்டிய மதிலைத் தாமே தாண்ட முயல்வது புதுமையன்று.

1923 ஆம் ஆண்டில் பின்லாந்து வீரர் பாவோ நூர்மி 4 நிமிடம் 10.4 செக்கனில் மைலை ஓடினார். அதன்பின் பிரான்ஸ், நியூசிலாந்து, அமெரிக்கா, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் ஓட்டக்காரர் ஒருவர் பின் ஒருவராக அந்நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தனர். இரண்டாம் உலகப் போர் மூண்டு ஏனைய நாடுகளின் இளைஞர் போர்க்களம் புகுந்த காலத்தில், போரிற் கலவாத சுவீடனில் குண்டர் ஹேக், ஆர்னே அண்டர்சன் என்னும் இருவர் தம்முள் மாறி மாறிச் சாதனையைக் கைப்பற்றினர். 1945 ஆம் ஆண்டு ஜூலையில் ஹேக் ஓடிய 4 நிமிடம் 1.4 செக்கன் என்னும் நேரம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அசையாது நின்றது. ஒன்றரைச் செக்கன்தான் குறை. அந்த ஒன்றரைச் செக்கனே மலையாகத் தோன்றியது.

இம்மலையை அணுகியவருள் இருவர் முதன்மையானவர். ஒருவர் லண்டன் சென் மேரீஸ் வைத்தியசாலையில் வைத்தியக் கல்வி பயின்ற றோஜர் பானிஸ்டர். மற்றவர் மெல்பேர்ணில் விவசாய விஞ்ஞானம் பயின்ற ஜோன் லாண்டி. இருவரும் 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் 1,500 மீற்றர் ஓட்டத்திற் பங்குபற்றியவர்கள். இருவரும் அங்கு மனம் நொந்து திரும்பியவர்கள். லாண்டி முதற் சுற்றுப் போட்டியிலேயே விலக நேர்ந்தது. பானிஸ்டரோ வெல்வார் என இங்கிலாந்து முழுவதும் எதிர்பார்த்திருந்தது. ஆனால் போட்டியாளர் தொகை மிகுந்தமையால் இடையில் அரையிறுதி ஓட்டம் ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டு, அடுத்தடுத்து மூன்று நாட்கள் ஓட வேண்டியதாயிற்று. அளவாகவே பயிற்சி செய்து பழகிய அவருடைய உடல் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. லக்சம்பேர்க் என்னும் சிறுநாட்டின் ஜோசி பார்தெல் பொற்பதக்கம் பெற, பானிஸ்டர் நான்காவதாக வந்து பதக்கம் எதுவுமின்றி நின்றார். அங்கு வென்றிருந்தால் அவர் அத்துடன் ஓட்டத்தை விட்டு வைத்தியத் தொழிலிற் புகுந்திருப்பார். நான்கு நிமிட மைலின் வரலாறும் வேறாயிருக்கும்.

இருவருடைய பயிற்சி முறைகளும் முற்றும் வேறானவை. ஹெல்சிங்கியில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றையும் ஒருங்கே வென்ற செக்கோசிலோவாக்கிய வீரர் எமில் சாட்டொபெக்கின் கடும் உழைப்பைக் கண்ட லாண்டி, உழைப்பினால் ஆகாதது இல்லை என்ற எண்ணத்துடன் ஊர் திரும்பினார். நாட்கணக்காக, மைல்கணக்காக ஓடினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே 4 நிமிடம் 2.1 செக்கன் என்னும் நேரத்தை எட்டி உலகை வியக்க வைத்தார். பானிஸ்டர் உடலியலை ஆராய்ந்தவர். ஓடும் மனிதனின் மூச்சுக்கும் களைப்புக்கும் உள்ள தொடர்பை, இயந்திரப் பட்டையின் மேல் ஆட்களை ஓடவிட்டுத் தாமும் ஓடி அளந்து பார்த்தவர். வைத்தியசாலையின் மதிய உணவு வேளையிற் கிடைக்கும் சிறு நேரமே அவருக்குப் பயிற்சி நேரம். ஒருவர் உழைப்பை நம்பினார், மற்றவர் கணக்கை நம்பினார் என்று சொல்வது சற்றே மிகையாகலாம். எனினும் உண்மைக்கு வெகு தூரமன்று.

அதன்பின் லாண்டி பல முறை முயன்றும் 4 நிமிடம் 2 செக்கன் என்னும் அளவைக் கடக்க இயலாது தவித்தார். அவருடைய நாட்டில் அவரை நெருங்கி ஓடவல்லார் எவரும் இலர். ஒவ்வோர் ஓட்டத்திலும் தனியனாய் முன்னே ஓடிக் கடிகாரத்துடன் மட்டுமே போராடினார். ஆகவே நல்ல ஓடுபாதையும் நல்ல எதிரிகளும் நாடி 1954 ஆம் ஆண்டு பின்லாந்து சென்றார். அவர் அங்கு தம்மை ஆயத்தம் செய்துகொண்டிருந்த வேளையிலேயே ஒக்ஸ்போர்டிலிருந்து செய்தி வந்தது.

1954 மே 6. ஒக்ஸ்போர்டின் இப்லி வீதி மைதானம். காலை முதல் காற்றுப் பலமாக வீசியமையால் ஓடுவதா விடுவதா என்று பானிஸ்டர் கடைசிவரை தயங்கினார். அருகிலுள்ள தேவாலயத்துக் கொடி சற்றே தளர்ந்து தொங்கக் கண்ட பின்னரே துணிந்தார். முதலிரு சுற்றுக்களிலும் கிறிஸ் பிராஷர் முன்னே ஓடி வேகத்தைக் காத்தார். அடுத்துக் கிறிஸ் சட்டவே முன்வந்து இறுதிச் சுற்றின் நடுவரை இழுத்துச் சென்றார். எஞ்சிய தூரத்தைப் பானிஸ்டர் தனியே ஓடினார். நேரத்தை அறிவித்த நோரிஸ் மக்வேர்ட்டர் ‘மூன்று’ என்று தொடங்கியதும் எழுந்த ஆரவாரத்தில் மிகுதி எவர் செவியிலும் விழவில்லை. 3 நிமிடம் 59.4 செக்கன். மதில் தாண்டப்பட்டது.

ஆனால் 46 நாட்களே கழிந்தன. ஜூன் 21 ஆந் திகதி பின்லாந்தின் டுர்க்கு நகரில் லாண்டி அதே தூரத்தை 3 நிமிடம் 58.0 செக்கனில் ஓடி முடித்தார். ஒக்ஸ்போர்டில் பானிஸ்டருக்குத் துணை நின்ற அதே சட்டவே இங்கு லாண்டியின் பின்னே விடாது தொடர்ந்து ஓடினார் என்பது குறிப்பிடத் தக்கது. ஆண்டுக் கணக்கில் எதிரியின்றித் தனியே ஓடி எட்டாத நேரத்தை, தம்மைத் துரத்தும் ஒருவர் வாய்த்த முதல் நாளிலே லாண்டி எட்டினார்.

இப்போது உலகத்தில் நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடியவர் இருவர். அவ்விருவரும் ஒருவரையொருவர் எதிர்த்து ஓட நாளும் இடமும் முன்னரே குறிக்கப்பட்டிருந்தன. பிரித்தானியப் பேரரசு–பொதுநலவாய விளையாட்டு விழா அவ்வாண்டு கனடாவின் வான்கூவர் நகரில் நடைபெற இருந்தது. 1930 ஆம் ஆண்டு கனடாவின் ஹமில்டன் நகரில் தொடங்கிய இவ்விழா இலங்கையருக்கு அயலானதன்று. 1938 ஆம் ஆண்டு சிட்னியில் குத்துச் சண்டையிற் பார்னி ஹென்றிகஸும், 1950 ஆம் ஆண்டு ஓக்லாந்தில் 440 யார் தடை தாண்டும் ஓட்டத்தில் டங்கன் வைட்டும் இத்தீவுக்குப் பொற்பதக்கம் ஈட்டித் தந்தது இவ்விழாவிலேதான். பேரரசு என்ற பெயருடன் பொதுநலவாயம் என்ற பெயரும் முதன்முறையாகச் சேர்ந்தது வான்கூவர் விழாவிலாகும். ஆட்சி குலைந்து உறவு மாறிய காலத்தை அப்பெயரே காட்டிற்று.

ஒக்ஸ்போர்ட் ஓட்டத்தின் மீது ஒரு குறை சொல்லப்பட்டு வந்தது. அது போட்டியன்று, நண்பர் மூவர் கூடி வகுத்த ஏற்பாடு என்பதே அக்குறை. சாதனை முறைப்படி ஏற்கப்பட்டது, அதில் ஐயமில்லை. ஆயினும் கடிகாரத்தை வெல்வது வேறு, மனிதனை வெல்வது வேறு என்ற உணர்வு மக்களிடம் இருந்தது. வான்கூவரில் வேகங் காப்பவர் எவரும் இலர். அங்கு ஒருவர் மற்றவரின் வலியை அறிந்து, தம் வலியையும் அறிந்து, எங்கே முந்துவது எப்போது முந்துவது என்று தாமே முடிவு செய்தல் வேண்டும். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களை மன்னருக்கென்று வகுத்தார். மைல் ஓடுபவனுக்கும் அம்மூன்றும் வேண்டும், அதுவும் நான்கு நிமிடத்துள்.

இருவரும் மற்றவரின் இயல்பை நன்கு அறிந்தவர்கள். பானிஸ்டரின் ஆயுதம் இறுதி வளைவில் அவர் காட்டும் திடீர் வேகம். லாண்டியிடம் அத்தகைய வேகம் இல்லை; ஆனால் தொடக்கமுதல் தளராது விரைந்தோடும் ஆற்றல் அவரிடம் உண்டு. ஆகவே லாண்டியின் வழி ஒன்றே: ஆரம்பத்திலிருந்தே முன்னே பாய்ந்து, இறுதி வரும்போது பானிஸ்டரின் கால்களில் அந்த வேகம் எஞ்சாதபடி செய்தல். பானிஸ்டரின் வழியும் ஒன்றே: எவ்வளவு வலித்தாலும் தூரம் பெருகவிடாது தொடர்தல். இரண்டும் ஒளிவு மறைவற்ற திட்டங்கள். பந்தயத்துக்கு முன்னரே இரு நாட்டுப் பத்திரிகைகளும் இவற்றை எழுதிவிட்டன.

எவரும் அறியாதது ஒன்றிருந்தது. பந்தயத்துக்குச் சிறிது முன்னர், வெறுங்காலுடன் நடந்த லாண்டி, புகைப்படக்காரர் பயன்படுத்தி எறிந்த மின்குமிழ் ஒன்றின் உடைந்த கண்ணாடியை மிதித்துவிட்டார். காயத்துக்குத் தையல் போட வேண்டியதாயிற்று. அதனை அவர் வெளியிடாது மறைத்தார். பானிஸ்டரும் அந்நாட்களிற் சளியினால் வருந்திக்கொண்டிருந்தார். அவரும் அதனைப் பறைசாற்றவில்லை. லாண்டி செய்தது சரியா என்று வைத்தியர் கேட்கலாம். எதிரிக்கு வெற்றியின் முழுமையைக் கெடுக்கக்கூடாது என்று எண்ணும் ஒருவன் அவ்வாறுதான் செய்வான் என்பதே அதற்கு விடை.

1954 ஓகஸ்ட் 7, சனிக்கிழமை. விழாவின் இறுதி நாள். வெயில் கடுமையாக எறித்தது. எம்பயர் விளையாட்டரங்கில் 30,000 பேருக்கு மேற்பட்டோர் திரண்டிருந்தனர். எடின்பரோக் கோமகன் பிலிப்பும் வந்திருந்தார். வட அமெரிக்காவில் தொலைக்காட்சியிலும் ஏனைய நாடுகளில் வானொலியிலும் மக்கள் காத்திருந்தனர். ஓட நின்றவர் எண்மர். பின்னாளில் 1960 ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 5,000 மீற்றரை வென்ற நியூசிலாந்தின் மறே ஹல்பேர்க் அவர்களுள் ஒருவர். ஆனால் அன்று அவரைக் கவனித்தவர் குறைவு.

வெடி ஒலித்தது. நியூசிலாந்தின் பெய்லி சிறிது தூரம் முன்னின்றார். முதற் சுற்று முடியுமுன் லாண்டி அவரை விலக்கி முன்னே சென்றார். அச்சுற்றை ஏறத்தாழ 58 செக்கனில் முடித்தார். இரண்டாஞ் சுற்றில் இடைவெளி விரிந்தது. பானிஸ்டர் பத்து யாருக்கு மேல் பின்தங்கிய ஒரு வேளையும் இருந்தது. அரை மைலை லாண்டி 1 நிமிடம் 58 செக்கன் அளவிற் கடந்தார். இவ்வேகத்தை அவர் இறுதிவரை காப்பாராயின் உலக சாதனையும் பொற்பதக்கமும் ஒருங்கே அவருக்கு. பானிஸ்டரின் உள்ளத்தில் அப்போது எழுந்த கேள்வி எளியது: அவர் தளர்வார் என்று காத்திருப்பதா, இப்போதே துரத்துவதா? காத்திருந்து, அவர் தளராவிட்டால் எல்லாம் போயிற்று. துரத்தினால், இறுதிக்கென்று வைத்த வலிமை நடுவழியிற் செலவாகும்.

அவர் துரத்தினார். ஒரேயடியாகப் பாயவில்லை, மூன்றாம் சுற்று முழுவதும் ஓரடி ஈரடியாக இடைவெளியைக் கரைத்தார். மூன்றாம் சுற்று முடிவில் மணி ஒலித்தபோது பானிஸ்டர் லாண்டியின் முதுகை எட்டும் தூரத்தில் இருந்தார். மணியொலி கேட்டதும் லாண்டி மீண்டும் வேகங் கூட்டினார். எதிர்ப்புறத்து நேர்வழியில் பானிஸ்டர் மீண்டும் சற்றே பின்தங்குவது போலத் தோன்றியது. இறுதி வளைவு வந்தது. மக்களின் ஆரவாரத்தில் பின்னே வருபவரின் காலடியோசை லாண்டிக்குக் கேட்கவில்லை. தாம் அவரை உதறிவிட்டோமா இல்லையா என்று அறிய அவருக்கு வேறு வழியில்லை. இடது தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். அக்கணத்திலேயே பானிஸ்டர் அவருடைய வலப்புறமாகப் பாய்ந்து கடந்தார். லாண்டி முகத்தை முன்னே திருப்பியபோது எதிரி முன்னால் இருந்தார்.

எல்லையை முதலில் தொட்ட பானிஸ்டர் தம் அணியினரின் கைகளிற் சாய்ந்தார். அவருடைய நேரம் 3 நிமிடம் 58.8 செக்கன், லாண்டியின் நேரம் 3 நிமிடம் 59.6 செக்கன். ஒரே பந்தயத்தில் இருவர் நான்கு நிமிடத்துக்குள் ஓடியது அதுவே முதன்முறை. கனடாவின் ரிச் பேர்கசன் 4 நிமிடம் 4.6 செக்கனில் மூன்றாவதாக வந்தார். வேறு எந்த நாளிலும் அது புகழ் பெற்றிருக்கும் நேரம். மைலின் உலக சாதனை மட்டும் லாண்டியிடமே இருந்தது. 1957 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெரெக் இபொட்சன் அதனை முறியடிக்கும் வரை அது நிலைத்தது.

லாண்டி திரும்பிப் பார்த்தமையாலேயே தோற்றார் என்பது அன்றுதொட்டு வழங்கிவரும் கதை. கதை அழகானது, சரியென்று கொள்ளல் அரிது. சுற்றுக்களின் நேரத்தை நோக்கினால் லாண்டி முதற் சுற்றை 58 செக்கன் அளவிலும், அடுத்த இரண்டையும் 60 செக்கன் அளவிலும், இறுதிச் சுற்றை 61 செக்கன் அளவிலும் ஓடியமை தெரியும். அதாவது அவர் மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டிருந்தார். பானிஸ்டரோ இறுதிச் சுற்றை 60 செக்கன் அளவில் ஓடினார். ஐந்து யார் அளவான தோல்வியைத் தலையை ஒரு கணம் திருப்பியதன் மேற் சுமத்த இயலாது. பந்தயத்தின் தீர்ப்பு மூன்றாம் சுற்றில், எவரும் ஆரவாரிக்காத இடத்தில், பானிஸ்டர் காத்திருக்க மறுத்தபோது எழுதப்பட்டது. திரும்பிய முகத்தைப் புகைப்படம் பிடிக்க முடிந்தது. மூன்றாம் சுற்றைப் பிடிக்க முடியவில்லை. கதைகள் புகைப்படத்தைப் பின்பற்றின.

காலின் காயம் என்னாயிற்று என்று கேட்போர் உண்டு. அது எத்தனை யாரைப் பறித்தது என்று எவராலும் அளக்க முடியாது. லாண்டி அதனைத் தோல்விக்குச் சாட்டாகக் கூறியதில்லை. சிறந்தவர் வென்றார் என்ற அளவிலே நின்றார்.

அன்று அவ்வரங்கு கண்டது இப்பந்தயம் ஒன்றை மட்டுமன்று. மைல் ஓட்டத்தின் ஆரவாரம் அடங்கிச் சிறிது நேரத்தின் பின், மரதன் ஓட்டத்தில் முன்னணியில் வந்த இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்ஸ் அரங்கினுள் நுழைந்தார். அவ்வாண்டு ஜூனில் 2 மணி 17 நிமிடம் 39.4 செக்கனில் அத்தூரத்தை ஓடி உலகில் எவரும் எட்டாத நேரத்தை எட்டியவர் அவர். பின்வருபவர் கால் மணிக்கு மேற்பட்ட தூரத்திலே இருந்தார். ஆனால் வெயில் அவரைத் தின்றுவிட்டது. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். எஞ்சிய ஒரு சுற்றில் 200 யார் அளவைக் கடக்க ஏறத்தாழ 11 நிமிடம் சென்றது. முடிவுக் கோட்டை அடையாமலே தூக்கிச் செல்லப்பட்டார். ஸ்கொட்லாந்தின் ஜோ மக்கீ வென்றார். பீற்றர்ஸ் பிழைத்தார், மீண்டும் பந்தயம் எதிலும் ஓடவில்லை. அவருக்கெனக் கோமகன் பின்னர் தனியே ஒரு பதக்கம் அனுப்பினார். மைல் ஓட்டத்தின் புகழில் இந்நிகழ்ச்சியை மறைத்துவிடும் எழுத்தாளர் பலர். அது முறையன்று. மனித உடலின் எல்லையைத் தொட்ட நாள் என்று அந்நாளைக் கொண்டாடுவோமாயின், அவ்வெல்லையின் மறுபக்கத்தை அதே மண்ணில் ஒருவர் தொட்டுத் திரும்பியதையும் சொல்லியாக வேண்டும்.

பானிஸ்டர் அம்மாத இறுதியில் சுவிற்சலாந்தின் பேர்ண் நகரில் ஐரோப்பியப் போட்டியின் 1,500 மீற்றரையும் வென்று, அத்துடன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். இருபத்தைந்து வயதில், புகழின் உச்சியில் விலகி நரம்பியல் வைத்தியரானார். 1975 ஆம் ஆண்டு சேர் பட்டம் பெற்றார். பின்னர் ஒக்ஸ்போர்டின் பெம்புறோக் கல்லூரித் தலைவராக விளங்கினார். மைலிலும் வைத்தியத் தொழிலையே அவர் பெரிதாக மதித்தார் என்பது அவரை அறிந்தோர் யாவரும் ஒப்புவது.

லாண்டியின் பெயரை அவுஸ்திரேலியர் போற்றுவதற்கு வான்கூவரினும் வேறொரு மைல் காரணமாயிற்று. 1956 மார்ச்சில் மெல்பேர்ணில் நடந்த தேசியப் போட்டியில், மூன்றாம் சுற்றில் இளைஞரான ரொன் கிளார்க் இடறி வீழ்ந்தார். நெருங்கி வந்த லாண்டி அவரைத் தாண்டிக் குதிக்கையில் சப்பாத்தின் ஆணி கிளார்க்கின் கையிற் கீறியது. லாண்டி நின்றார். திரும்பி வந்து கிளார்க்குக்கு நேர்ந்தது என்னவென்று விசாரித்தார். அவர் எழுந்து ஓடத் தொடங்கிய பின்னரே தாமும் ஓடினார். அதற்குள் ஏனையோர் வெகுதூரம் சென்றுவிட்டனர். அவர்கள் அனைவரையும் எட்டிப் பிடித்து 4 நிமிடம் 4.2 செக்கனில் லாண்டியே வென்றார். அந்த ஓட்டத்தில் உலக சாதனைக்கு முயலலாம் என்ற எதிர்பார்ப்பு இருந்தது, அது போயிற்று. வான்கூவரில் பின்னே பார்த்ததற்காக ஏசப்பட்டவர், ஈராண்டு கழித்து மெல்பேர்ணில் பின்னே பார்த்ததற்காகவே சிலை வடிக்கப் பெற்றார். அவ்வாண்டிறுதியில் அதே நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் வீரர் அனைவர் சார்பிலும் உறுதிமொழி எடுத்தவர் அவரே. 1,500 மீற்றரில் வெண்கலப் பதக்கம் பெற்றார். பின்னாளில் இயற்கை ஆய்விலும் பூச்சியினங்களைப் பற்றி எழுதுவதிலும் ஈடுபட்டு, 2001 முதல் 2006 வரை விக்டோரியா மாநில ஆளுநராகவும் இருந்தார்.

வான்கூவரிலும் ஒரு சிலை எழுந்தது. சிற்பி ஜாக் ஹார்மன் 1967 ஆம் ஆண்டு வெண்கலத்தில் வடித்த அச்சிலையில் லாண்டி இடப்புறம் திரும்பிப் பார்க்கிறார். பானிஸ்டர் வலப்புறமாகக் கடக்கிறார். விவிலியத்தில் திரும்பிப் பார்த்த லோத்துவின் மனைவி உப்புத் தூணானாள். திரும்பிப் பார்த்து வெண்கலமானவன் தான் ஒருவனே என்று லாண்டி நகைத்துச் சொல்வதுண்டு.

பொதுநலவாய விழாவில் மைல் ஓட்டம் 1966 ஆம் ஆண்டு கிங்ஸ்டனில் கென்யாவின் கிப் கெய்னோ வென்றதுடன் முடிந்தது. 1970 முதல் 1,500 மீற்றர் அதன் இடத்தைப் பெற்றது. எம்பயர் அரங்கு 1993 ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. சிலை மட்டும் இடம் மாறி மாறி, இன்று பழைய அரங்கு இருந்த திடலிலேயே நிற்கிறது. பானிஸ்டர் 2018 மார்ச் 3 ஆந் திகதியும், லாண்டி 2022 பெப்ரவரி 24 ஆந் திகதியும் காலமாயினர்.